பேரை எடுத்தாச்சு

எல்டாப்டெலீட் என்ற கட்டளைக்குப் பேச்சு கிடையாது. ஒரு பெயரை நீக்கச் சொல்லி ஒரு வரியைத் தட்டி என்டரை அழுத்தினால், 'நிச்சயமாகத்தானா?' என்று கேட்காது. முடித்த பிறகு 'முடிந்தது' என்றும் சொல்லாது. கர்சர் அடுத்த வரிக்கு வந்து நிற்கும், அவ்வளவுதான். அதற்குள் ஒரு ஆளின் லாகின் போயிருக்கும், மெயில் நின்றிருக்கும். கேட்டில் இருக்கும் கார்டு மெஷினும் அதே பதிவைப் பார்த்து இயங்குவதாக இருந்தால், மறுநாள் காலை ஏ ஷிப்ட்டுக்கு வந்தவர் கார்டைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டு நிற்பார். செக்யூரிட்டி வந்து பார்த்துவிட்டு ஒன்றைத்தான் சொல்வார்: "உங்க பேரை எடுத்துட்டாங்க தம்பி, எச்.ஆர்.ல போய்க் கேளுங்க."

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவிலுக்குப் போகும் சாலையின் இருபுறமும், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால் என்று விரிந்து கிடக்கும் தொழிற்பேட்டைகளிலும் கார், லாரி, புல்லட், டயர், கண்ணாடி, ஃப்ரிட்ஜ், செல்போன் என்று எல்லாம் தயாராகின்றன. 1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் அடிக்கல் நாட்டியதிலிருந்து கணக்குப் போட்டால் ஒரு தலைமுறையே வேலைக்கு வந்து தலை நரைத்துவிட்டது. இந்தப் பகுதியைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலீட்டுக் கோடிகளையும் உருவாகப்போகும் வேலைகளின் எண்ணிக்கையையும் எழுதுவது வழக்கம். ஆள் சேர்ப்பது அமைச்சர் முன்னிலையில், கேமராக்களுக்கு நடுவே கையெழுத்தாகிறது. ஆளை எடுப்பது சர்வர் அறையில், ஒரு சிஸ்டம் அட்மின் சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் தட்டும் வரியில் முடிந்துவிடுகிறது.

அவர் தட்டுவது ஊழியர்களின் பதிவுகளை வைத்திருக்கும் டைரக்டரி சர்வரில். இதன் பூர்வீகம் கொஞ்சம் பேராசை பிடித்தது. 1988-இல் தொலைபேசித் துறைகளின் சர்வதேசக் குழு எக்ஸ்.500 என்று ஒரு திட்டம் போட்டது: உலகத்தில் உள்ள எல்லா நிறுவனங்களையும் மனிதர்களையும் ஒரே மரத்தில் கிளை கிளையாகப் பதிந்துவைப்பது. அன்றைய மேசைக் கணினிகளால் அந்தச் சுமையைத் தூக்க முடியவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹவ்ஸும் கூட்டாளிகளும் அதை இளைக்க வைத்து 1993-இல் கொண்டுவந்ததுதான் எல்டாப். உலக மரம் முளைக்கவே இல்லை. பதிலாக ஒவ்வொரு கம்பெனியும் தன் காம்பவுண்டுக்குள் ஒரு மரம் வளர்த்துக்கொண்டது. ஓப்பன்எல்டாப், மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி, ரெட் ஹேட் வளர்த்தெடுத்த 389 டைரக்டரி சர்வர் எல்லாம் இந்த வம்சம். 389 என்பது எல்டாப் பேசும் போர்ட் எண். அதையே பெயராக வைத்துவிட்டார்கள்.

மரத்தில் ஒருவரின் முழுப்பெயர் என்பது அவர் இருக்கும் இடத்தையும் சேர்த்தது. இன்ன ஐடி, இன்ன பிரிவு, இன்ன ஆலை, இன்ன கம்பெனி என்று இலையிலிருந்து வேர் வரை படித்தால்தான் ஆள் யார் என்று சர்வருக்குப் பிடிபடும். மணிகண்டன் என்று மட்டும் சொன்னால் அதற்குப் புரியாது. பெயிண்ட் ஷாப்பில் நிரந்தர ஊழியர் கிளையில் இருக்கும் மணிகண்டன் ஒருவர், கான்ட்ராக்ட் கிளையில் இருக்கும் மணிகண்டன் வேறொருவர். ஒரகடம் டீக்கடையிலும் இதே விசாரணைதான் நடக்கிறது. ஊரும் பேரும் கேட்ட கையோடு அடுத்த கேள்வி, "கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா?"

பெயர் விஷயத்தில் எல்டாப்புக்கும் தமிழ்நாட்டுக்கும் முதலிலிருந்தே ஒத்துவரவில்லை. ஒரு மனிதரைப் பதிய இரண்டு கட்டங்களைக் கட்டாயம் நிரப்ப வேண்டும்: ஒன்று பெயர், இன்னொன்று குடும்பப்பெயர். இரண்டாவது காலியாக இருந்தால் சர்வர் பதிவையே ஏற்காது. தமிழரிடம் குடும்பப்பெயர் ஏது? முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து, பின்னால் தன் பெயர், அதோடு சரி. அட்மின்கள் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். சிலர் இனிஷியலை விரித்து அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் போடுவார்கள். சிலர் வெறும் இனிஷியலைப் போடுவார்கள். அவசரக்காரர்கள் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். சர்வருக்கு அதுவும் சம்மதமே.

அந்தக் கட்டம் காலியாக இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதுவும் பக்கத்து ஊர் வரலாறு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் நடந்தது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைச் சுமந்து திரிவதை விட வேண்டும் என்று அங்கே தீர்மானித்தார்கள். பட்டம் போடாத பெயர்கள் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் ஏறின, பிறகு ரேஷன் கார்டில், பிறகு மதிப்பெண் சான்றிதழில். சாதி போய்விட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். பெயரின் பின்பக்கத்திலிருந்து பெரும்பாலும் போய்விட்டது என்று சொல்லலாம். எக்ஸ்.500-இலிருந்து எல்டாப் சுவீகரித்துக்கொண்ட ஒரு கட்டாயக் கட்டத்தை, அது எழுதப்படுவதற்கு ஏறக்குறைய 60 ஆண்டுகளுக்கு முன்பே, ஒரகடத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க ஓர் ஊரில் கூடியவர்கள் தாங்களாகவே நீக்கிவிட்டிருந்தார்கள். இந்த வட்டாரத்தில் நடந்ததிலேயே பெரிய டெலீட் அதுதான். அதை எந்த அட்மினும் செய்யவில்லை. பெயருக்கு உரியவர்களே செய்துகொண்டார்கள்.

அதன் விளைவு சர்வர் அறை வரை வருகிறது. செய்யாறு, வந்தவாசி, அரக்கோணம் பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் ஒரே பேட்ச்சில் எஸ். மணிகண்டன்கள் மூன்று பேர் இருப்பார்கள். அதே லைனில் நிற்கும் பீகார் இளைஞருக்குக் 'குமார்' கடைசிப்பெயர். இங்கே பிறந்தவருக்குக் 'குமார்'தான் முழுப்பெயரே. லாகின் ஐடி எஸ்மணிகண்டன், எஸ்மணிகண்டன்2, எஸ்மணிகண்டன்3 என்று போகும். ரிலீவ் ஆகிப் போகிறவர் இரண்டாமவர். எச்.ஆர். அனுப்பிய எக்ஸல் பட்டியலில் ஊழியர் எண் இல்லாமல் பெயர் மட்டும் இருந்தால் சரியான ஆள் நீங்குவதற்கு மூன்றில் ஒரு வாய்ப்புதான். பட்டுத் தெளிந்த அட்மின்கள் எண் இல்லாத கோரிக்கையைத் தொடவே மாட்டார்கள். எண் இருந்தாலும் முதலில் அதே கட்டளையில் சிறிய 'என்', சிறிய 'வி' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து ஓட்டிப் பார்ப்பார்கள். எதை நீக்கப்போகிறது என்று காட்டும், நீக்காது.

அந்த வரியைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். முதலில் கட்டளையின் பெயர். அடுத்து சிறிய 'எக்ஸ்': சாதாரணக் கடவுச்சொல் போதும் என்று அர்த்தம். பெரிய 'டி': நீக்குகிறவர் யார் என்று அவருடைய முழு மரப்பெயர். பெரிய 'டபிள்யூ': கடவுச்சொல்லை வரியிலேயே எழுதிவைக்காமல் தனியே கேட்டு வாங்கிக்கொள். கடைசியில் நீங்க வேண்டியவரின் பெயர். எடுக்கிறவரும் எடுக்கப்படுகிறவரும் ஒரே வரியில், சில எழுத்து இடைவெளியில் இருப்பார்கள். அதே வரியை இரண்டாம் முறை ஓட்டினால் இந்த முறை பதில் வரும்: 32-ஆம் எண் பிழை, அப்படி ஒரு பதிவு இல்லை. அதோடு நிறுத்தாமல், கொடுத்த பெயரில் எது வரை மரத்தில் பொருந்துகிறது என்றும் கீழே காட்டும்: இன்ன பிரிவு, இன்ன ஆலை, இன்ன கம்பெனி. இலைதான் இல்லை, அது இருந்த கிளை இருக்கிறது.

கிளையை நீக்குவது வேறு விவகாரம். ஒரு கிளையின் கீழ் ஒரே ஒரு பதிவு மிச்சமிருந்தாலும் எல்டாப் அந்தக் கிளையைத் தொட விடாது; 66-ஆம் எண் பிழையைக் காட்டித் திருப்பி அனுப்பும். கீழே இருப்பவர்கள் ஒவ்வொருவராகப் போன பிறகுதான் பிரிவு போகும். பிரிவுகளெல்லாம் போன பிறகுதான் ஆலை போகும்.

ஆலைகளும் இந்த வரிசையில்தான் மூடப்படுகின்றன. நோக்கியா 2005 ஏப்ரலில் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டது. 2006 தொடக்கத்திலேயே ஸ்ரீபெரும்புதூரில் போன்கள் வெளியே வந்தன. உச்சத்தில் நேரடி ஊழியர்கள் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர், பெரும்பாலும் பள்ளிப் படிப்பு முடித்த கையோடு வந்த இளம்பெண்கள். உறையும் சார்ஜரும் செய்துகொடுக்கும் துணைக் கம்பெனிகள் அதே வளாகத்துக்குள் இருந்தன. 2013 ஜனவரியில் வருமான வரித் துறை சோதனைக்கு வந்தது. 2,000 கோடி ரூபாய்க்கு மேல் வரி கேட்டது. மாநில அரசு விற்பனை வரி பாக்கி என்று தன் பங்குக்கு ஒரு தொகையை நீட்டியது. அந்த செப்டம்பரில் நோக்கியா தன் செல்போன் வியாபாரத்தை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தது. 2014 ஏப்ரலில் விற்பனை முடிந்தபோது, வழக்கில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை கைமாறவில்லை. கொஞ்ச காலம் மைக்ரோசாஃப்டுக்குக் கூலிக்குப் போன் செய்து கொடுத்தது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது.

நின்றபோது உள்ளே இருந்தவர்கள் ஆயிரம் பேருக்கும் குறைவு. மற்றவர்கள் அதற்குள் விருப்ப ஓய்வுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். விருப்ப ஓய்வு என்பது ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிக் கொடுப்பது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டப்படி அன்று 100 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஆலையை மூட அரசின் முன் அனுமதி வேண்டியிருந்தது. ஒரு ஆள் தானாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதற்கு யார் அனுமதியும் வேண்டாம். இந்த நாட்டில் ஆலை மூடல்கள் பெரும்பாலும் ஒரே நாளில் வெட்டாமல், மாதக்கணக்கில் ஒவ்வொருவராக உதிர்த்து நடப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. எல்டாப்டெலீட்டுக்கும் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. சிறிய 'ஆர்' என்ற எழுத்தைச் சேர்த்தால் கட்டளை தானே கடைசி இலை வரை இறங்கி, ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு மேலே ஏறி வந்து கிளையையும் முடித்துவிடும். விதியை அது மீறவில்லை. ஆள் மூச்சு விடும் நேரத்தில் கடைப்பிடித்துவிடுகிறது. நோக்கியா வளாகத்தை 2019-இல் சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் எடுத்துக்கொண்டது. கட்டடம் அதேதான், உள்ளே புது மரம்.

மூடல் எப்போதோ ஒருமுறை வருவது. வருஷா வருஷம் வருவது கான்ட்ராக்ட் மாற்றம். கான்ட்ராக்டர் மாறுவார், ஆட்கள் மாறமாட்டார்கள். நேற்று நின்ற அதே மெஷின் முன்னால் அதே ஆள், கழுத்தில் வேறு கலர் நாடாவோடு நிற்பார். சர்வர் அறையில் இதற்குச் சுலபமான வழி, பழைய கிளையில் உள்ளவர்களை மொத்தமாக டெலீட் செய்து புதுக் கிளையில் மொத்தமாகச் சேர்ப்பது. எல்டாப்பில் இதற்கென்றே வேறு கட்டளை இருக்கிறது: பதிவை அப்படியே பெயர்த்தெடுத்து இன்னொரு கிளையில் வைப்பது. 1997-இல் வந்த மூன்றாம் பதிப்பிலேயே அது உண்டு. ஆனால் பல சர்வர்கள் வெகுகாலம் அதைச் செய்ய மறுத்தன. அதற்குள் நீக்கிச் சேர்ப்பது கைப்பழக்கமாகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே அப்படி இல்லை. ஒவ்வொரு பதிவும் பிறக்கும்போதே சர்வர் அதற்கு ஒரு நிரந்தர அடையாள எண்ணும், பதிந்த தேதியும் போட்டுவிடுகிறது. கிளை மாற்றினால் இரண்டும் மாறாது. நீக்கிச் சேர்த்தால் ஆள் இன்று காலை பிறந்தவர்.

தமிழ்நாட்டில் சேர்ந்த தேதிக்கு விலை உண்டு. தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்குவதற்கென்று 1981-இல் மாநிலம் கொண்டுவந்த சட்டம், 24 மாத காலத்துக்குள் 480 நாள் தொடர்ந்து பணியாற்றியவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. அந்த எண்ணை இந்தப் பக்கம் டிரெய்னிகளிலிருந்து சங்கத்து ஆட்கள் வரை எல்லோருக்கும் தெரியும். அதை எட்டாமல் பார்த்துக்கொள்ள எத்தனை உபாயம் உண்டோ அத்தனையும் எல்லோருக்கும் தெரியும்: இடைவெளி விட்டு மறுபடி எடுப்பது, பயிற்சியாளர் என்று பெயர் மாற்றுவது, ஒரு கான்ட்ராக்டரிடமிருந்து இன்னொருவரிடம் தள்ளிவிடுவது. நாள் கணக்குக்கு வழக்கு என்று போனால் மஸ்டர் ரோலும் சம்பளச் சீட்டும் பி.எஃப். பதிவும்தான் பேசும், டைரக்டரி அல்ல. ஆனால் கேட்டில் கார்டு காட்டிய ஒவ்வொரு நேரமும் ஏதோ ஒரு எண்ணோடு ஒட்டித்தான் சேமிப்பில் இருக்கிறது. எண் இரண்டானால் ஒருவர் உழைத்த இரண்டு வருஷம் இரண்டு ஆளுக்குப் பிரிந்துவிடும். டெலீட் தட்டிய அட்மினுக்கு இதில் எந்தக் கெட்ட எண்ணமும் இருந்திருக்காது. வேலை சீக்கிரம் முடிந்ததில் சந்தோஷப்பட்டிருப்பார். அவர் சௌகரியம் யாருக்குச் சாதகமாகப் போய் விழுகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

மேலே நடக்கும் மாற்றங்களுக்கு இந்தச் சிரமம் எதுவும் கிடையாது. ஒரகடம் ரெனோ–நிசான் ஆலையில் நிசான் வைத்திருந்த 51 சதவீதப் பங்கை 2025-இல் ரெனோ வாங்கிக்கொண்டது. பங்குப் பதிவேட்டில் ஒரு பெயர் மாறியது. கம்பெனி தன் வயதை இழக்கவில்லை, சேர்ந்த தேதி மாறவில்லை. முதலாளிக்குப் பெயர்மாற்றக் கட்டளை, தொழிலாளிக்கு டெலீட்.

மாறாத எண் ஒன்று தொழிலாளிக்கும் வேண்டும் என்று அரசுக்கே தோன்றியது 2014-இல். அதுவரை கம்பெனி மாறும் ஒவ்வொரு தடவையும் பி.எஃப். கணக்கு எண் புதிது. பழைய பணம் பழைய எண்ணில் கிடக்கும். 2014 அக்டோபர் 16 அன்று 12 இலக்க யு.ஏ.என். எண்ணைப் பிரதமர் தொடங்கி வைத்தார். வேலை எத்தனை மாறினாலும் ஆளுக்கு ஒரே எண். அதிலிருந்து 16-ஆம் நாள் நோக்கியா நின்றது.

இருந்தாலும் ஒரு ஆள் இங்கே ஒரே ஏட்டில் இருப்பதில்லை. கம்பெனி டைரக்டரியில் ஒரு முறை, கான்ட்ராக்டரின் பட்டியலில் ஒரு முறை, ஹாஸ்டல் ரிஜிஸ்தரில் ஒரு முறை, பஸ் ரூட் பட்டியலில் ஒரு முறை. இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. 2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த ஹாஸ்டலில் சாப்பாடு விஷமாகி 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்று கூட இருந்தவர்களுக்கே தெரியவில்லை. சிலர் இறந்துவிட்டதாகப் பேச்சு பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். இறந்ததாகச் சொல்லப்பட்டவர்களை அதிகாரிகள் வீடியோ அழைப்பில் பிடித்துக் காட்ட வேண்டியிருந்தது. அத்தனை ஏடுகளில் பெயர் இருந்தும், உயிரோடு இருப்பதற்கு முகத்தைக் காட்டினால்தான் நம்பிக்கை வந்தது.

இவ்வளவையும் படித்துவிட்டு, எதையும் நீக்காமலே வைத்திருக்கலாமே என்று தோன்றும். அதன் பலனையும் பார்த்தாகிவிட்டது. சிங்கப்பூரில் ஒரு தகவல் தொழில்நுட்பக் கம்பெனியில் வேலை பார்த்த இந்தியர் ஒருவரை 2022 நவம்பரில் அனுப்பிவிட்டார்கள். அவருடைய அட்மின் லாகினை எடுக்க மறந்துவிட்டார்கள். 2023-இன் முதல் மாதங்களில் அவர் தன் லாப்டாப்பிலிருந்து அடிக்கடி உள்ளே போய் வந்தார், கூகுளில் தேடி நீக்கல் நிரல் ஒன்றை எழுதினார், மார்ச்சில் 180 மெய்நிகர் சர்வர்களை ஒவ்வொன்றாக அழித்தார். சோதனைக்கான சர்வர்கள்தான், இருந்தும் நஷ்டம் 9 லட்சம் சிங்கப்பூர் டாலருக்கு மேல். 2024 ஜூனில் அவருக்கு 2 வருஷம் 8 மாதம் சிறை. ஒரே ஒரு டெலீட்டைத் தட்டாததால் 180 டெலீட். அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் குழாய் நிறுவனத்தை 2021 மே மாதத்தில் முடக்கியவர்கள் நுழைந்ததும் யாரும் பயன்படுத்தாமல், யாரும் மூடாமல் விட்டிருந்த ஒரு பழைய கணக்கு வழியாகத்தான்.

ஆக, கதவை உடனே மூட வேண்டும்; பதிவை உடனே அழிக்க வேண்டியதில்லை. விவரம் தெரிந்தவர்கள் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆக்டிவ் டைரக்டரியில் இயங்கும் கணக்கின் எண் 512. அதோடு 2-ஐக் கூட்டி 514 ஆக்கினால் கணக்கு முடங்கும்; ஆள் உள்ளே வர முடியாது, பதிவு இருக்கும். ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் முடிந்து, நோ டியூ கையெழுத்தெல்லாம் வாங்கி, சில மாதம் கழித்து நிதானமாக நீக்கலாம். அப்போதும் சர்வருக்கே அவசரம் இல்லை. கம்பெனிக்கு ஒரகடத்தில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று என்று இரண்டு சர்வர் இருந்தால், நீக்கிய செய்தி அடுத்த சர்வருக்கும் போய்ச் சேர வேண்டும். சேரும் வரை நீங்கியவரின் இடத்தில் ஒரு கல்லறைப் பதிவு இருக்கும். 389 சர்வரில் அதன் வழக்கமான ஆயுள் ஒரு வாரம். ஆக்டிவ் டைரக்டரியில் முதலில் 60 நாளாக இருந்தது, பிறகு 180 ஆனது. அந்தக் கெடுவையும் தாண்டி அணைந்து கிடந்த ஒரு சர்வரை யாராவது மறுபடி போட்டால், அதற்கு மட்டும் சாவுச் செய்தி தெரியாது. போனவர்களையெல்லாம் பத்திரமாக வைத்துக்கொண்டு எழுந்துவரும்.

நீக்கும்போது மிச்சம் மீதி கிடப்பது இன்னொரு தொல்லை. ஆள் போய்விடுவார், அவர் சேர்ந்திருந்த குழுக்களின் பட்டியலில் பெயர் கிடக்கும். ஓப்பன்எல்டாப்பில் அதற்கென்று ஒரு துணை ஏற்பாட்டைப் போட்டுவைத்தால்தான் குழுக்களையும் சேர்த்துத் துடைக்கும். லினக்ஸில் கோப்பின் சொந்தக்காரர் பெயரால் எழுதப்படுவதில்லை, எண்ணால் எழுதப்படுகிறார். ஆளை நீக்கிய பிறகு கோப்புகளைப் பட்டியலிட்டால் பெயர் இருந்த இடத்தில் வெறும் எண் நிற்கும். ஆறு மாதம் கழித்துப் புதிதாக ஒரு எஸ். மணிகண்டன் சேர்கிறார். காலியாகத்தானே கிடக்கிறது என்று எஸ்மணிகண்டன்2-ஐயும் பழைய எண்ணையும் அவருக்குக் கொடுத்தால், குவாலிட்டி அப்ரூவல் தரும் குழுவில் அவர் முதல் நாளே உறுப்பினர். பார்த்திராத ஒருவரின் கோப்புகளுக்கெல்லாம் சொந்தக்காரர்.

2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை தீர்ந்த தரவை அழிக்கச் சொல்லும் உரிமையை மக்களுக்குக் கொடுத்திருக்கிறது. வேறு சட்டப்படி வைத்திருக்க வேண்டியதை விலக்கியிருக்கிறது. தொழிற்பேட்டையில் இந்த உரிமைக்கு இப்போதைக்கு வரிசை நிற்காது. இங்கே வேலையை விட்டவர்களின் கவலை நேர் எதிரானது: கம்பெனியின் மரத்திலிருந்து பேரை அன்றைக்கே எடுத்துவிடுகிறார்கள், பி.எஃப். கணக்கிலிருந்து எடுக்க மறந்துவிடுகிறார்கள். வேலையை விட்ட தேதி கணக்கில் ஏறாத வரை அங்கே அவர் இன்னும் அதே கான்ட்ராக்டரிடம் வேலை பார்ப்பவர்தான். பணத்தை முழுதாக எடுக்கவும் முடியாது, அடுத்த கம்பெனிக்கு மாற்றவும் சிக்கல். 2020 ஜனவரி வரை அந்தத் தேதியை முதலாளி மட்டும்தான் பதிய முடிந்தது. கான்ட்ராக்டர் ஆபீஸையே காலி செய்துவிட்டுப் போயிருந்தால் அலைச்சல்தான். அதன் பிறகு தொழிலாளியே பதிந்துகொள்ளலாம் என்றானது. யு.ஏ.என். கணக்கில் நுழைந்து, எந்தக் கம்பெனி என்று தேர்ந்தெடுத்து, விட்ட தேதியையும் காரணத்தையும் போட வேண்டும். கடைசிச் சந்தா வந்து 2 மாதம் ஆகியிருக்க வேண்டும். போடும் தேதி அந்தக் கடைசிச் சந்தா மாதத்துக்குள் இருக்க வேண்டும். பிறகு ஆதாரோடு இணைந்த செல்லுக்கு ஓ.டி.பி. வரும். வேலையோடு சேர்த்து சிம்மையும் மாற்றிவிட்டவர்கள் முதலில் ஆதாரில் நம்பரை மாற்றிக்கொண்டு வர வேண்டும்.